ஒரு சோறு பதம்

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் முன்னோர் வாக்கு. கணினி வேலைக்கு ஆள் எடுப்பதிலும் இப்பழமொழி பயன்படுகிறது என்றால் வியப்பாக இல்லையா?

கணினிக்கு நாம் வரிசையாக எழுதித் தரும் கட்டளைகளே நிரல் எனப்படும். சான்றிதழ் வைத்திருப்போர் எல்லாருக்கும் நிரல் எழுதத் தெரியும் என்று கூற இயலாது. ஆகவே நிறுவனங்கள் பல முதலில் ஓர் எளிய தேர்வு வைக்கின்றன. இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு ஒன்றிலிருந்து இம்ரான் கோரி என்பவர் 2007-இல் எடுத்துக்காட்டிய 'ஃபிஸ்பஸ்' கணக்கு இவற்றுள் புகழ்பெற்றது.

கணக்கு இதுதான்

1 முதல் 100 வரை எண்களை எழுதுமாறு நிரல் அமைக்க வேண்டும். 3-ஆல் வகுபடும் எண்ணுக்குப் பதிலாக 'ஃபிஸ்', 5-ஆல் வகுபடுவதற்கு 'பஸ்', இரண்டாலும் வகுபடுவதற்கு 'ஃபிஸ்பஸ்' என வரவேண்டும்.

எளிதுதானே என்று தோன்றும். ஆனால் கணினி கட்டளைகளை மேலிருந்து வரிசையாகவே பார்க்கும். "3-ஆல் வகுபடுமா?" என்பதை முதலில் கேட்டு, ஆம் என்றதும் அடுத்த எண்ணுக்குப் போகச் சொன்னால், 15 வரும்போது வெறும் 'ஃபிஸ்' என்றே எழுதிவிடும். 3, 5 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 15. எனவே "15-ஆல் வகுபடுமா?" என்றே முதலில் கேட்க வேண்டும். 15, 30, 45, 60, 75, 90 ஆகிய 6 எண்களும் அப்போதுதான் சரியாக வரும். மனப்பாடம் செய்தவரையும் சிந்திப்பவரையும் பிரித்துக் காட்ட 3-க்குப் பதில் 4 என்று மாற்றிக் கேட்டாலே போதும்.

நன்மையும் குறையும்

தட்டச்சு வேலைக்கு வருபவரைத் தட்டச்சு செய்து காட்டச் சொல்வது போன்றதே இது. அடிப்படை தெரியாதவரை இத்தேர்வு காட்டிவிடும். ஆனால் தேறியவர்களுள் சிறந்தவர் யார் என்று காட்டாது. பொறுமை, நேர்மை, பிறரோடு ஒத்துழைக்கும் குணம் ஆகியவற்றையும் அளக்காது. பதற்றத்தால் தவறுபவரும் உண்டு. ஆகவே இது வாசற்படியே தவிர வீடு அன்று.

நம் மாநிலத்தில் சோஹோ நிறுவனம் நடத்தும் பள்ளிகள், கல்லூரிப் பட்டம் கேளாமல், தேர்வும் நேர்காணலும் வைத்து மாணவரைச் சேர்க்கின்றன. கட்டணம் வாங்காமல் உதவித்தொகையும் தந்து நிரல் கற்பிக்கின்றன. தென்காசியிலும் அப்பள்ளி உண்டு.

அன்புத் தோழியரே! கல்லூரிக் கட்டணம் கட்ட இயலாத வீட்டுப் பெண்ணுக்கும் திறமையைக் காட்ட ஒரு வாய்ப்புக் கிடைப்பதே எளிய தேர்வின் பெரும்பயன். கணக்கை விளங்கிப் படிப்போம். வாய்ப்பு வரும்போது வெல்வோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி