முதலில் இறங்கி நடங்கள்

அன்புள்ள வாசகருக்கு,

ஃபோர் வீல் டிரைவ் உள்ள தார் வண்டி வாங்கியிருப்பதாகவும், நண்பர்களோடு மலைப்பாதை ஏறப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். வாழ்த்துகள். என்னென்ன சாமான் வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு பழக்கம்: சந்தேகம் தட்டும் இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்துங்கள், இறங்குங்கள், பாதையை நடந்து பாருங்கள். மற்ற வித்தையெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முடிந்தால் முதலில் கொழுக்குமலைக்குப் போய் வாருங்கள். மலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் பாதை ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. உங்கள் வண்டியைக் கீழேயே விட்டுவிட்டு, உள்ளூர் ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பெரிய கல் எதிர்ப்பட்டால் அவர் சக்கரத்தை எங்கே வைக்கிறார் என்று பாருங்கள். கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விடுவது ஆபத்து. அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியலில் இடிக்கும். சக்கரத்தைக் கல்லின் மேலேயே ஏற்றினால் அச்சும் கூடவே உயர்ந்துவிடும். உங்கள் தாரின் பின் அச்சும் இந்த அமைப்புதான்.

இனி உங்கள் வண்டி. கரடுமுரடான ஏற்றத்துக்கு முன்பே ஃபோர் லோ, அதாவது நான்கு சக்கரத்துக்கும் லோ கியர், போட்டுவிடுங்கள். நடுவழியில் மாட்டிக்கொண்டபின் போடுவதில் பயனில்லை. லோ கியரில் சக்கரம் மெல்லச் சுழலும், இழுவை கூடும். ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கிறது என்று மெத்தனமாக இருக்க வேண்டாம். பள்ளத்தில் ஒரு முன் சக்கரமும் அதற்கு எதிர்மூலையில் உள்ள பின் சக்கரமும் தரையை விட்டுத் தூக்கினால், டிஃபரன்ஷியல் லாக் இல்லாத வண்டியில் அவை இரண்டும் சும்மா சுற்றும், வண்டி நகராது. நடந்து பார்த்தவருக்கு அந்தப் பள்ளம் முன்பே தெரிந்திருக்கும்.

டயரில் காற்றைக் குறையுங்கள். சாலையில் 30 பிஎஸ்ஐ வைத்திருந்தால், மணலிலும் கல்லிலும் 20 அளவுக்கு இறக்கலாம். டயர் தரையில் நீளமாகப் படிந்து பிடிக்கும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறக்காமல் ஏற்றிவிடுங்கள்.

ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் குறுக்கே திருப்பவே கூடாது, உருண்டுவிடும். ரிவர்ஸ் கியரில் நேராகப் பின்னால் இறங்குங்கள். இறக்கத்தில் லோ ஃபர்ஸ்ட் போட்டு, கிளட்சைத் தொடாமல் எஞ்சினையே பிரேக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் வளையத்துக்குள் கட்டைவிரலைக் கோக்காதீர்கள். சக்கரம் கல்லில் மோதி ஸ்டியரிங் வெட்டினால் விரல் முறியும்.

தாரில் 650 மில்லிமீட்டர் ஆழம்வரை தண்ணீரில் போகலாம் என்கிறது கம்பெனிக் கணக்கு. அது நின்ற நீருக்குப் பொருந்தும். ஓடையில் இறங்குமுன் கம்பால் ஆழம் பாருங்கள். நடக்கவே கால் நிற்காத வேகத்தில் தண்ணீர் ஓடினால் வண்டியையும் இறக்காதீர்கள். நடுநீரில் எஞ்சின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டாம். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இன்னொன்றை மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். இருக்கிற தடத்தை விட்டு விலகாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளியில் ஒரு வண்டி ஏறினால் புல்லின் வேர் கிழிகிறது. அந்தத் தடத்தில் மழைநீர் இறங்கி மண்ணை அரிக்கிறது, சில பருவங்களில் அது ஓடையாகிவிடுகிறது. நமக்குக் குடிநீர் தரும் ஆறுகள் ஊறுவது அந்தப் புல்லிலும் சோலையிலும்தான். சரணாலயங்களுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாத இடத்திலும் இந்தக் கட்டுப்பாடு நமக்கு வேண்டும். மலையைக் கெடுத்துவிட்டு மலைமேல் ஆசை என்று சொல்ல முடியாது.

நீங்கள் கேட்ட பட்டியல் சிறியது: காற்று அளக்கும் கேஜ், சின்ன கம்ப்ரசர், மண்வெட்டி, இழுவைப் பட்டை, ஷாக்கிள். பட்டையை பம்பரில் மாட்டாதீர்கள். சேசிஸோடு சேர்ந்த இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். இழுக்கும்போது யாரும் அருகில் நிற்க வேண்டாம். துணைக்கு இன்னொரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி கட்டாயம் வேண்டும்.

போய்வந்து எழுதுங்கள். நடந்து பார்த்து, "இன்று வேண்டாம்" என்று திரும்பி வந்திருந்தால் அதையும் எழுதுங்கள். அந்த முடிவை எடுக்கத் தெரிந்தவரை நம்பித்தான் நான் என் குடும்பத்தை வண்டியில் ஏற்றுவேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்