செருகியாயிற்று, கருவி ஏன் பேசவில்லை?

இறுதியாண்டுத் திட்டப்பணியில் இறங்கியிருக்கும் மின்னியல் மாணவர் பலரிடம் இன்று ஒரு சிறிய லாஜிக் அனலைசர் உண்டு. ஏறக்குறைய தீப்பெட்டி அளவுதான். எட்டுத் தடங்கள், விநாடிக்கு 24 மில்லியன் மாதிரிகள் வரை எடுக்கும். சுற்றுக்குள் ஓடும் 0, 1 சமிக்ஞைகளைக் கணினித் திரையில் கோடுகளாகக் காட்டும். ஆய்வகக் கருவிக்காக வரிசையில் காத்திருக்காமல் விடுதி அறையிலேயே வேலையைப் பார்க்கலாம். ஆனால், கணினி அதை அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமே!

'கருவி கிடைக்கவில்லை' என்று மென்பொருள் சொன்னதும் நம்மவர்கள் முதலில் செய்வது, மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. அதுவும் பலிக்காவிட்டால் விண்டோஸையே மறுபடி நிறுவுவது. கடைசியில் சிம் லிம் டவருக்கோ, கோலாலம்பூரில் இருப்பவரென்றால் பசார் சாலைக்கோ போய் வேறொரு கருவியைத் தேடுவது. இதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். பதினான்கு வாரத் தவணையில் ஒரு வாரம் என்பது சிறிய இழப்பா? இத்தனைக்கும் பழைய கருவி பல வேளைகளில் நல்ல நிலையில்தான் இருந்திருக்கும்.

இணைப்பு என்பது ஒரே செயல் அன்று. கருவிக்கு மின்சாரம் வர வேண்டும். அது தன்னைக் கணினிக்கு அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். கணினி அதற்குரிய இயக்கியை அமர்த்த வேண்டும். அதற்குப் பிறகுதான் நாம் திறந்து வைத்திருக்கும் மென்பொருள் அதனுடன் பேச முடியும். முதல் படியில் கம்பி அறுந்திருந்தாலும், மூன்றாம் படியில் இயக்கி மாறியிருந்தாலும், நான்காம் படியிலிருக்கும் மென்பொருள் சொல்லப்போவது அதே ஒரு வரிதான். ஆகவே அதன் வாயிலிருந்து காரணத்தை எதிர்பார்ப்பது வீண். 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்துத் தந்த வரிசையில், நோயை அறிவதும் அதன் மூலத்தை அறிவதும் மருந்துக்கு முன்னால் வருகின்றன. மறுநிறுவல் என்பது நோய் தெரியாமல் கொடுக்கும் மருந்து.

கீழிருந்து தொடங்குவோம். "விளக்கு எரிகிறதே, கம்பி நன்றாகத்தானே இருக்கிறது?" என்று பலர் கேட்பதுண்டு. யுஎஸ்பி 2.0 கம்பிக்குள் நான்கு இழைகள் இருக்கின்றன. இரண்டு 5 வோல்ட் மின்சாரத்துக்கு. மற்ற இரண்டு தரவுக்கு. விளக்கு எரிய முதல் இரண்டே போதும். கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டும் செய்யப்பட்ட மலிவுக் கம்பிகள் சிலவற்றில் தரவு இழைகள் இருப்பதே இல்லை. அப்படிப்பட்ட கம்பியில் கருவி ஒளிரும், ஆனால் ஊமையாக இருக்கும். இந்த வகை அனலைசர்கள் பலவற்றில் இருப்பது பழைய மினி யுஎஸ்பி துளை. பழைய கேமராவோ வெளிப்புற வன்தட்டோ வீட்டில் இருந்தால், அதே கம்பியால் அதிலிருந்து ஒரு கோப்பைப் படித்துப் பாருங்கள். படிக்க முடிந்தால் கம்பி குற்றவாளி அல்ல. ஹப் எதுவும் இடையில் வேண்டாம். நேராகக் கணினியின் துளையில் செருகுங்கள்.

அடுத்தது, நான் அறிமுகப் படலம் என்று சொல்ல விரும்பும் கட்டம். கருவிக்குள் 1.5 கிலோ ஓம் மின்தடை ஒன்று தரவு இழைகளில் ஒன்றை மேலே இழுத்துப் பிடிக்கும். 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்று கணினிக்குத் தெரிவது அதனால்தான். உடனே கணினி, 'நீ யார்?' என்று கேட்கும். கருவி தன் நிறுவன எண்ணையும் தயாரிப்பு எண்ணையும் சொல்லும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, கருவியைச் செருகி, எடுத்து, மீண்டும் செருகுங்கள். லினக்ஸ் என்றால் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை அதே பட்டியலைத் தரும். பட்டியலில் என்ன மாறுகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய சாட்சி.

எதுவுமே மாறவில்லையா? இயக்கியைத் தொடாதீர்கள், கோளாறு கம்பியிலோ, துளையிலோ, துளையைப் பலகையோடு பிணைக்கும் பற்றவைப்பிலோதான் பெரும்பாலும் இருக்கும். 'அறியப்படாத கருவி' என்று குறியீடு 43 வருகிறதா? ஆள் வந்தது தெரிகிறது, சொன்ன பெயர் காதில் விழவில்லை என்று பொருள்; இதற்கும் முதலில் கம்பியையும் துளையையும் மாற்றிப் பார்க்க வேண்டும். எண்கள் சரியாக வந்து, மஞ்சள் முக்கோணத்துடன் குறியீடு 28 தெரிகிறதா? அப்போதுதான் இயக்கியின் முறை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இனி, அனலைசருக்கே உரிய ஒரு விசித்திரம். இந்த மலிவுக் கருவிகளின் உள்ளே இருப்பது சைப்ரஸ் நிறுவனம் உருவாக்கிய எஃப்எக்ஸ்2 வகைச் சில்லு. ஃபர்ம்வேரை நாம் தமிழில் நிலைப்பொருள் என்கிறோம். இந்தக் கருவியில் அது நிலைப்பதே இல்லை! மின்சாரம் போனால் மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் கணினிதான் அதை ஏற்றிவிட வேண்டும். செருகியதும் கருவி 0925:3881 என்ற எண்ணோடு வரும். அது சேலியே நிறுவனத்தின் முதல் லாஜிக் கருவிக்குரிய எண். நகல் கருவிகளும் அதையே சூடிக்கொள்கின்றன. சிக்ராக் என்னும் கட்டற்ற திட்டத்தின் பல்ஸ்வியூ மென்பொருள் நிலைப்பொருளை ஏற்றியவுடன், கருவி தன் இணைப்பைத் தானே துண்டித்துக்கொண்டு, 1டி50:608சி என்ற புதிய எண்ணோடு மறுபிறவி எடுக்கும்.

இது தெரியாதவருக்குக் கருவி வந்து வந்து போவதாகத் தோன்றும். தெரிந்தவருக்குப் பல புதிர்கள் அவிழும். விண்டோஸில் பல்ஸ்வியூவுக்கு வின்யுஎஸ்பி இயக்கி வேண்டும். அதை ஸாடிக் என்ற சிறு நிரல் அமர்த்தித் தரும். முதல் எண்ணுக்கு மட்டும் அமர்த்திவிட்டு, 'முடிந்தது' என்று எழுந்துவிடக் கூடாது. இரண்டாம் எண்ணுக்குத் தானாக இயக்கி அமையாவிட்டால் அதற்கும் தனியே அமர்த்த வேண்டும். சேலியேயின் மென்பொருளை முன்பு நிறுவியிருந்தால், அதன் இயக்கி இந்த எண்ணை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும். மெய்நிகர் கணினிக்குள் வேலை செய்பவர்கள் முதல் எண்ணை மட்டும் உள்ளே அனுப்ப ஏற்பாடு செய்திருந்தால், மறுபிறவி எடுத்த கருவி வெளியேயுள்ள கணினிக்கே திரும்பிவிடும். ஸாடிக்கில் எல்லாக் கருவிகளையும் காட்டச் சொல்லும் வசதி உண்டு. அதில் எண்ணைச் சரிபார்க்காமல் சொடுக்கினால் உங்கள் சுட்டெலியின் இயக்கி மாறிப்போய், சுட்டெலி அசையாது. பட்டியலில் 04பி4:8613 என்று வந்தால், சில்லு உயிரோடுதான் இருக்கிறது. தன் பெயரை எழுதி வைத்திருந்த சிறு நினைவகத்தை மட்டும் அதனால் படிக்க முடியவில்லை.

ஆர்டுயினோ போன்ற பலகைகளில் கதை எளிது. அங்கே யுஎஸ்பியைத் தொடர் இணைப்பாக மாற்றும் சில்லு எது என்று பார்த்து அதற்குரிய இயக்கியைத் தேட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் அந்த இணைப்பைப் பிடித்துக்கொள்ள முடியும் என்பதால், இன்னொரு சாளரத்தில் திறந்துகிடக்கும் சீரியல் மானிட்டரை முதலில் மூடுங்கள். லினக்ஸில் உங்கள் கணக்கு டயல்-அவுட் குழுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். திரையில் கிறுக்கல் எழுத்துகள் வந்தால் பெரும்பாலும் வேக அமைப்புதான் தவறு. இணைப்பு நன்றாகவே இருக்கிறது.

சில வேளைகளில் பழி உண்மையிலேயே மென்பொருள் மேல்தான். 2014 அக்டோபரில், விண்டோஸ் புதுப்பிப்பு வழியாக வந்த எஃப்டிடிஐ நிறுவனத்தின் இயக்கி, தன் சில்லின் போலிகளைக் கண்டால் அவற்றின் தயாரிப்பு எண்ணை 0000 என்று மாற்றிவிட்டது. நேற்றுவரை வேலை செய்த பலகைகள் மறுநாள் அடையாளமிழந்தன. போலி செய்தவனைத் தண்டிக்க, வாங்கியவனின் கருவியை முடக்கியது நியாயமாக எனக்குப் படவில்லை. 2022இல் வந்த உபுண்டு 22.04இல் வேறொரு சிக்கல். மலிவுப் பலகைகளில் காணப்படும் சிஎச்340 சில்லின் எண்ணைப் பார்த்து, பார்வையற்றோருக்கான பிரெயில் கருவி வந்திருக்கிறது என்று எண்ணிய ஒரு துணைநிரல் அந்த இணைப்பைத் தன்வசம் எடுத்துக்கொண்டது.

இணைப்பு கிடைத்து, வேலை நடுவில் அறுந்தால் கேள்வியே வேறு. எட்டுத் தடங்களையும் 24 மில்லியன் வேகத்தில் எடுத்தால் விநாடிக்கு 24 மெகாபைட் தொடர்ந்து ஓட வேண்டும். அதே ஹப்பில் வன்தட்டும் வெப்கேமராவும் இருந்தால் தாங்காது. மாதிரி வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். உங்கள் சமிக்ஞை 100 கிலோஹெர்ட்ஸ் என்றால் 1 அல்லது 2 மில்லியனே தாராளம். ரிலே 'டிக்' என்னும்போதோ மோட்டார் கிளம்பும்போதோ மட்டும் அறுந்தால், மின் இரைச்சல் கம்பி வழியாகப் புகுகிறது. குட்டையான கம்பியும், மோட்டாருக்குத் தனி மின்மூலமும் உதவும்.

சுவர் மின்சாரத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள சுற்றுகளைச் சோதிப்பவர்கள் இதையும் படிக்க வேண்டும். இந்த அனலைசரின் கிரவுண்ட் கம்பியும் கணினியின் கிரவுண்டும் ஒன்றே. நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. மின்மாற்றி இல்லாமல் 230 வோல்ட்டை மின்தேக்கி வழியாகக் குறைத்துக்கொள்ளும் பலகைகளில், எல்இடி விளக்குகளிலும் ஸ்மார்ட் பிளக்குகளிலும் இவை உண்டு, 'கிரவுண்ட்' என்று அச்சிட்ட புள்ளியிலேயே உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் இருக்கலாம். அங்கே கம்பியை மாட்டினால் அறுவது இணைப்பு மட்டுமாக இராது. யுஎஸ்பி தடுப்பான் வாங்கலாமே என்றால், எளிதில் கிடைக்கும் ஏடியுஎம்4160 சில்லுவகைத் தடுப்பான் விநாடிக்கு 12 மெகாபிட் வரைதான் போகும். அனலைசரின் முழு வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. எனவே அந்தப் பலகையைச் சுவரிலிருந்து முழுவதும் கழற்றிவிட்டு, மின்தேக்கிகள் வடிந்தபின், அதன் குறைமின்னழுத்தப் பகுதிக்கு மட்டும் தனியான 5 அல்லது 3.3 வோல்ட் மின்மூலம் கொடுத்துச் சோதியுங்கள்.