பீரோ சாவி யாரிடம்? மாணவர் மன்றப் பொறுப்பை ஒப்படைக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஆண்டு விழா மேடையில் பழைய செயலாளர் புதியவரின் சட்டையில் பேட்ஜ் குத்துவார். கைதட்டல், போட்டோ, கேசரி, காரம். அதோடு பொறுப்பு மாறிவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். ஜூனில் கல்லூரி திறந்து முதல் கூட்டம் போடும்போதுதான் ஒருவர் கேட்பார்: "பீரோ சாவி எங்கே?"

நான் எங்கள் கல்லூரித் தமிழ் மன்றச் செயலாளரான ஆண்டில் அந்தச் சாவி கிடைக்கவே இல்லை. பூட்டை உடைத்தோம். உள்ளே முந்தைய வருடத்துப் போட்டிச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல், பெயர் எழுதிக் கையெழுத்து வாங்காமல் கிடந்தன. அப்போது பட்டதும் பிறகு மன்றங்களைப் பக்கத்திலிருந்து பார்த்ததும் சேர்ந்து இந்தக் குறிப்புகள்.

1. புதியவரைப் பொங்கல் விடுமுறை முடிந்ததும் முடிவு செய்யுங்கள். ஏப்ரலில் செய்முறைத் தேர்வு, புராஜெக்ட் வைவா, நேர்காணல் என்று இறுதியாண்டு மாணவர் கையில் சிக்கமாட்டார். மார்ச் 8 மகளிர் தின விழாவைப் புதியவரே நடத்தட்டும்; பழையவர் பக்கத்தில் நிற்கட்டும். அழைப்பிதழ், விருந்தினர், மேடை, சாப்பாடு, நன்றியுரை என்று எல்லா வேலையும் அந்த ஒரே நாளில் பழகிவிடும்.

2. மேடையில் நன்றாகப் பேசுகிறவரைவிட, விழா முடிந்தபின் நாற்காலி அடுக்குகிறவரைப் பாருங்கள். தேர்தல் நடத்தும் கல்லூரியாக இருந்தால் 2006ஆம் ஆண்டு லிங்டோ குழுவின் பரிந்துரைகளை ஒருமுறை படித்துவிடுங்கள். 75 சதவீத வருகை வேண்டும், போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக்கூடாது, தேர்தல் செலவு 5,000 ரூபாய்க்குள். பொறுப்பாளர் பதவிக்கு ஒருவர் ஒருமுறைதான் நிற்கலாம். செயற்குழு உறுப்பினராக இருமுறை நிற்கலாம். அதாவது செயலாளர் ஒவ்வொரு ஆண்டும் புது ஆள்தான். பழைய கதை தெரிந்தவர் செயற்குழுவில்தான் மிஞ்சுவார். அதனால் இரண்டாமாண்டு மாணவர் இருவரையாவது அதில் சேர்த்துவையுங்கள்.

3. பணக் கணக்கை எல்லாவற்றுக்கும் முன்னால் முடியுங்கள். கடை பில்களில் பாதி, அச்சு சீக்கிரம் மங்கிப்போகும் வழவழத்தாளில் வருகிறது. ஆடிட் வரும்போது வெறும் வெள்ளைத் தாள்தான் இருக்கும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் ஒட்டி, எதற்கு என்று எழுதுங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் பணம் பெற்றதற்கான ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். வரவும் செலவும் எழுதியபின் மூன்றாவதாக 'பாக்கி' என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அந்தப் பக்கம் இல்லாததால், எங்கள் முதல் விழாவன்று மைக்செட்காரர் வாசலிலேயே நின்றுகொண்டு, "போன வருசத்துத் தம்பி 1,800 தரணும், அதைக் குடுத்தாத்தான் ஒயரை இறக்குவேன்" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை.

4. பதிவுக் கட்டணத்தைச் சொந்த ஜிபே எண்ணில் வாங்காதீர்கள். வாங்கியிருந்தால், அந்த நாட்களின் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக் கணக்கோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். மன்றத்துக்கு வங்கிக் கணக்கு இருந்தால், கையெழுத்து மாற்றத்துக்கான தீர்மானத்தை மினிட் புத்தகத்தில் எழுதிக்கொண்டு இருவரும் சேர்ந்தே வங்கிக்குப் போங்கள். மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம் வேண்டாம். வருடக் கணக்கு முடிக்கும் நேரத்தில் உங்களை யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள்.

5. பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. மன்றத்தின் ஜிமெயிலிலும் இன்ஸ்டாகிராமிலும் புதிய போனிலிருந்து நுழைந்தால், ஓ.டி.பி. பழைய செயலாளரின் எண்ணுக்குத்தான் போகும். அவர் அதற்குள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து சிம்மையும் மாற்றியிருப்பார். இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீட்பு எண்ணை மாற்றி, கண்ணெதிரே ஒருமுறை நுழைந்து பார்த்தபின் எழுந்திருங்கள். இரண்டு வருடம் தொடாத சொந்த ஜிமெயில் கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம் என்பதும் நினைவிருக்கட்டும். பதிவுப் படிவங்கள், போட்டி முடிவுகள், புகைப்படங்கள் எல்லாம் யாரோ ஒரு சீனியரின் கல்லூரி மெயிலில் கிடக்கும். படிப்பு முடிந்ததும் அதைப் பல கல்லூரிகள் மூடிவிடுகின்றன. முன்பே மன்றக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

6. வாட்ஸ்அப் குழுவில் ஒரே அட்மின் விலகினால், உறுப்பினர்களில் யாரோ ஒருவர் தானாக அட்மின் ஆகிவிடுவார். புதியவர்கள் இருவரை அட்மின் ஆக்கிவிட்டு வெளியேறுங்கள்.

7. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, அதோடு 7 நாள் சிறப்பு முகாம் என்பது கணக்கு. வருகைப் பதிவேடு கைமாறாமல் போனால், வெயிலில் குளம் வெட்டிய ஜூனியருக்குச் சான்றிதழ் சிக்கலாகிவிடும். மற்ற எது தொலைந்தாலும் சரிசெய்துவிடலாம். இது அடுத்தவரின் உழைப்பு. முகாம் நடந்த ஊருக்கும் புதியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஊராட்சித் தலைவர், பள்ளித் தலைமையாசிரியர், முகாமுக்குப் பாத்திரம் கொடுத்த வீட்டம்மா ஆகியோரை நேரில் அறிமுகப்படுத்துங்கள். போன் நம்பர் கொடுப்பது அறிமுகம் ஆகாது.

8. ரத்ததானப் பட்டியலில் பெயரும் பிரிவும் மட்டும் இருந்தால் பயனில்லை. கடைசியாகக் கொடுத்த தேதி வேண்டும். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட்டுத்தான் மறுபடி கொடுக்க முடியும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். எடை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது. பட்டியலைப் பொதுக் குழுவில் போட்டுவிடாதீர்கள், குறிப்பாகப் பெண்களின் எண்களை.

9. ஒரு கைநோட்டு போடுங்கள்: ஷாமியானா, பிளெக்ஸ், சமையல், பஸ் டிரைவர், அரங்கத்து எலக்ட்ரீஷியன். எலக்ட்ரீஷியன் பெயரை முதல் வரியில் எழுதுங்கள். முதல்வரைவிட அவரைத் தேடும் நேரம்தான் அதிகம்.

10. தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டபோது, அதை 55 விநாடியில் பாட வேண்டும் என்றும், இசைத்தட்டை ஒலிக்கவிடாமல் பயிற்சி பெற்றவர்கள் பாட வேண்டும் என்றும் அரசாணை சொன்னது. பாடும் மாணவிகள் மூன்றாமாண்டாக இருந்தால் அவர்களும் போய்விடுவார்கள். இரண்டு ஜூனியர்களுக்குப் பழக்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

11. ஆண்டறிக்கையில் எல்லா விழாவும் 'இனிதே நிறைவுற்றது'. உண்மையை எழுத வேறு ஒரு நோட்டு வேண்டும். எத்தனை பேர் வருவதாகச் சொன்னார்கள், எத்தனை பேர் வந்தார்கள், சாப்பாடு எத்தனை பேருக்குப் பற்றவில்லை, ஓ.டி. கடிதத்தில் கையெழுத்துப் போட எந்தத் துறை இழுத்தடித்தது, எந்த விருந்தினர் பத்து நிமிடம் என்று சொல்லி ஒரு மணி நேரம் பேசினார். யாரையும் திட்டாமல், நடந்ததை மட்டும் எழுதுங்கள். புதியவர் முதலில் புரட்டுவது இந்த நோட்டாகத்தான் இருக்கும்.

12. பொருட்களை இருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடுங்கள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கி, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் கொடுங்கள். பேனரை மடிக்காதீர்கள், சுருட்டுங்கள். மடிப்பில் எழுத்து உரியும்.

13. கொடுத்த பிறகு ஒதுங்குங்கள். புதியவரின் முதல் விழாவுக்கு வந்தால் நாலாவது வரிசையில் உட்காருங்கள். மேடைக்குப் பின்னால் போய், "நாங்க இருந்தப்போ இப்படிச் செய்யமாட்டோம்" என்று சொல்லாதீர்கள். தம்பி போன் செய்தால் பதில் சொல்லுங்கள். செய்யவில்லை என்றால் சமாளிக்கிறான் என்று அர்த்தம்.

14. பீரோ சாவிக்கு இரண்டு டூப்ளிகேட் போட்டு, ஒன்றைப் பொறுப்பாசிரியரிடமும் ஒன்றைத் துறை அலுவலகத்திலும் கொடுத்துவிடுங்கள். அன்று எங்கள் பூட்டை உடைத்தவருக்கு 150 ரூபாய் கொடுத்தோம். அதற்கு நாங்களும் பில் வாங்கவில்லை.