வெந்நீர் ஊரில் ஊழியமா?

கேள்வி: லண்டனில் என் மகள் போகும் சபையின் வாலிபர்கள் பாத் நகருக்கு ஊழியப் பயணம் போகிறார்களாம். வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன உல்லாச ஊரில் என்ன ஊழியம்?

பதில்: உல்லாச ஊராக இருந்தபோதுதான், 1739-ல், ஜான் வெஸ்லி அங்கே பிரசங்கம் செய்தார். ஊரின் கேளிக்கைகளுக்கெல்லாம் நாட்டாமையான பியூ நாஷ், பலே சூதாடி, கூட்டத்துக்குள் புகுந்து, 'ஜனங்களை மிரட்டுகிறீர்' என்று சண்டைக்கு வந்தார். என் பிரசங்கத்தைக் கேட்டதுண்டா என்றார் வெஸ்லி. இல்லை, ஊரே பேசுகிறது என்றார் நாஷ். ஊர்ப்பேச்சை வைத்து உம்மை எடைபோட நான் துணியமாட்டேன் என்று வெஸ்லி சொன்னதும் நாஷுக்குப் பேச்சு எழவில்லை! ஊர்ப்பேச்சில் நாஷின் பேர் அப்படிக் கெட்டிருந்தது.

அந்த ஊரில் ரோமர் கட்டிய வெந்நீர்க் குளத்தை ஒட்டியே அபே தேவாலயம். குளத்தில் இப்போது இறங்கவிட மாட்டார்கள். வேடிக்கை பார்க்கலாம், வாலிபர்கள் பார்க்கட்டுமே. துண்டுப் பிரசுரம் கொடுப்பதோடு நிற்காமல், உள்ளூர்ச் சபை கேட்கிற வேலையையும் செய்யச் சொல்லுங்கள்.