அடைபட்ட நாட்களில் குழந்தை உள்ளம்

மனையும் தெருவும் பள்ளியும் குழந்தை வளரும் மூன்று இடங்களாகும். மனையில் அஃது அன்பைப் பெறுகிறது. தெருவில் தோழமையைக் கற்கிறது. பள்ளியில் அறிவையும் ஒழுங்கையும் பயில்கிறது. இம்மூன்றனுள் இரண்டு ஒருங்கே மூடப்பெற்று, மனை ஒன்றே எஞ்சி நிற்குமாயின் குழந்தையின் உள்ளம் என்னாகும்? இவ்வினாவிற்கு உலகம் முழுவதும் விடைகாண வேண்டிய நிலை 2020ஆம் ஆண்டில் நேர்ந்தது.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள், கொரோனா நச்சுயிரியால் பரவும் நோய் உலகளாவிய கொள்ளைநோய் ஆயிற்று என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. சின்னாட்களில் நாடுகள் பலவும் பள்ளிகளை மூடின. வீட்டிலிருக்க நேர்ந்த மாணவர் தொகை 150 கோடிக்கும் மேற்பட்டது. இந்தியாவில் மார்ச்சு 25ஆம் நாள் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. முதற்கண் 21 நாட்களுக்கே விதிக்கப்பெற்ற அது பின்னர்ப் பன்முறை நீட்டிக்கப்பெற்றது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பினரும் பன்னிரண்டாம் வகுப்பினரும் 2021 சனவரி 19ஆம் நாள் பள்ளிக்கு மீண்டனர். நோய் மீண்டும் பெருகவே, பள்ளிகள் மறுபடியும் மூடப்பெற்றன. முதல் எட்டு வகுப்புகளுக்கு உரிய சிறாரோ 2021 நவம்பர் 1ஆம் நாளை எதிர்நோக்கியிருந்தனர். ஐந்து வயதில் வீட்டில் அமர்ந்த குழந்தை, ஏழு வயதை நெருங்கும்போதுதான் வகுப்பறையைக் கண்டது.

உடல்நோயைத் தடுக்கும் வழிகளை அரசினரும் மருத்துவரும் எடுத்துரைத்தனர். கைகழுவுதலும் முகக்கவசம் அணிதலும் யாவரும் அறிந்த செயல்களாயின. ஆயின், உள்ளத்தின் துன்பம் எளிதிற் புலனாவதன்று. பெரியோர் தம் துயரைச் சொல்லால் உரைப்பர். குழந்தையோ செயலால் உரைக்கும். உறக்கத்தில் திடுக்கிட்டு விழித்தல், தாயின் முந்தானையை விடாது பற்றுதல், முன்னரே விட்ட விரல்சூப்பும் பழக்கத்தை மீண்டும் மேற்கொள்ளுதல், சிறு காரணத்திற்கும் சினத்தல், உணவை வெறுத்தல், பேசாது ஒதுங்கியிருத்தல் ஆகியன அச்செயல்கள். இவற்றைக் குறும்பு எனக் கருதி ஒறுப்போர், நோயை விடுத்து நோயாளியை அடிப்போரை ஒப்பர்.

தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றோர் இயல் வகுத்தார். உள்ளத்து உணர்வு உடலின்கண் வெளிப்படுதலை அவ்வியலில் எண்வகைப்படுத்திக் கூறினார். அச்சம், அழுகை, வெகுளி ஆகியவை அவ்வெட்டனுள் அடங்கும்; உவகையும் அவற்றோடு ஒப்ப வைத்து எண்ணப்பெற்றது. எனவே, அஞ்சுதலும் அழுதலும் சினத்தலும் மக்கட்கு இயல்பே என்பது தெளிவு. அவை எழாமல் தடுத்தல் எவர்க்கும் இயலாது. எழுந்தவற்றை அறிந்து ஆற்றுதலே பெரியோர் கடன்.

முதலில் அச்சத்தைக் காண்போம். அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள், வருத்தும் ஆற்றலுடைய அணங்கை முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். எதிரே நிற்கும் விலங்கினும் கண்ணுக்குப் புலனாகாத ஒன்றே உள்ளத்தை மிகுதியும் நடுங்கச் செய்யும். நச்சுயிரியும் காணாப் பகையே அன்றோ? பெரியோர் தம்முள் தாழ்ந்த குரலிற் பேசுவனவற்றை அரைகுறையாகக் கேட்கும் குழந்தை, எஞ்சியவற்றைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்ளும். அக்கற்பனை உண்மையினும் கொடிதாக அமைதல் உண்டு. ஆதலின், உண்மையை வயதுக்கேற்ற அளவில் எடுத்துரைத்தல் வேண்டும். 'ஒன்றுமே நேராது' என்னும் பொய்யுறுதியினும், 'நோய் உண்டு. காத்துக்கொள்ளும் வழியும் உண்டு. நாங்கள் உன்னுடன் இருக்கிறோம்' என்னும் மெய்யுரையே குழந்தையைத் தேற்றும்.

இதற்கு நார்வே நாட்டு நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். 2020 மார்ச்சு 16ஆம் நாள், அந்நாட்டுத் தலைமை அமைச்சராய் இருந்த எர்னா சோல்பர்க் அம்மையார், குழந்தைகளுக்கென்றே தொலைக்காட்சி வாயிலாக ஒரு செய்தியாளர் கூட்டம் நடத்தினார். பிறந்தநாள் விழா நடத்தலாமா என்பன போன்ற வினாக்களைச் சிறுவர் அனுப்பினர். அவற்றை எள்ளி ஒதுக்காது விடையளித்த அம்மையார், இத்தகைய காலத்தில் அச்சம் தோன்றுவது தவறன்று என்றும் கூறினார். நாடாளும் ஒருவர் தம் அலுவல்களுக்கிடையே சிறுவரின் ஐயங்களுக்குச் செவிகொடுத்தார் எனின், பெற்றோர் அதற்குப் பொழுதில்லை என்று கூறுதல் பொருந்துமோ?

அடுத்து அழுகை. இழவினால் அழுகை பிறக்கும். அடைபட்ட நாட்களில் குழந்தைகள் இழந்தவை சில அல்ல. தோழரை இழந்தனர், விளையாட்டுத் திடலை இழந்தனர், வெளியூரில் வாழ்ந்த பாட்டன் பாட்டியரைக் காணும் பேற்றை இழந்தனர். நோய்க்குத் தாய் தந்தையரையே பறிகொடுத்தாரும் உளர். இவர்களை நோக்கி 'அழாதே' என்று அதட்டுதல் ஆறுதலாகாது. அருகமர்ந்து கேட்டலே முதல் மருந்து. சொல்லத் தெரியாத சிறு குழந்தைக்குத் தாளும் வண்ணக்கோலும் கொடுத்தால், உள்ளத்தில் உள்ளதைப் படமாகத் தீட்டிக் காட்டும். தொலைபேசி வழியே உறவினர் குரலைக் கேட்பித்தலும், தோழருக்குக் கடிதம் எழுதச் செய்தலும் பிரிவுத்துயரைத் தணிக்கும்.

மூன்றாவது வெகுளி. ஓடியாடும் பருவத்தினரை நான்கு சுவர்களுக்குள் நிறுத்தினால் அடக்கப்பட்ட ஆற்றல் சினமாக வெளிப்படும். தாய், தந்தை, மக்கள் அனைவரும் ஓரறையில் வாழும் எளிய குடும்பத்தில் இத்துன்பம் பன்மடங்காகும். ஸ்பெயின் நாட்டில் 2020 மார்ச்சு நடுவிலிருந்து ஆறு வாரங்கள் சிறுவர் வீட்டை விட்டு வெளியேறாது இருந்தனர். ஏப்பிரல் 26ஆம் நாள் முதல், பெரியவர் ஒருவரின் துணையோடு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், ஒரு கிலோமீட்டர் தொலைவிற்குள் உலாவ அவர்களுக்கு இசைவளிக்கப்பெற்றது. நோய்த்தடுப்பைப் போன்றே வெயிலும் காற்றும் நடையும் குழந்தைக்கு இன்றியமையாதன என்பதை இதனால் உணரலாம். வெளியே செல்ல இயலாதவிடத்து மொட்டைமாடியும் முற்றமும் திண்ணையும் அத்தேவையை ஓரளவு நிறைவேற்றும்.

சினத்தைத் தணிப்பதில் கால ஒழுங்கிற்கும் பெரும்பங்கு உண்டு. துயிலெழுதல், உண்ணுதல், படித்தல், விளையாடுதல், உறங்குதல் ஆகியவற்றிற்கு உரிய பொழுதை வரையறுத்துக்கொண்டால், அடுத்து யாது நிகழும் என்பதைக் குழந்தை அறிந்திருக்கும். உலகம் நிலைகுலைந்த காலத்திலும் தன் இல்லம் நிலையாக உள்ளது என்னும் உறுதி அதனால் விளையும்.

இனி உவகை. துன்பத்தை நீக்குதல் மட்டும் போதாது. இன்பத்தை ஊட்டுதலும் வேண்டும். அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. பரணில் கிடந்த பல்லாங்குழியும், தாயக்கட்டையும், ஐந்து கூழாங்கற்களும் போதும். பாட்டி சொல்லும் கதையும், தந்தை போடும் விடுகதையும், தாயோடு சேர்ந்து செடிக்கு நீர் வார்த்தலும் குழந்தைக்கு விழாக்களேயாகும். காய்களை ஆய்தல், துணி மடித்தல் போன்ற சிறு பணிகளை ஒப்படைத்தால், தானும் குடும்பத்திற்குப் பயன்படுவதாகக் குழந்தை பெருமிதம் கொள்ளும்.

இவையனைத்தும் நிகழப் பெற்றோரின் உள்ளம் ஓரளவேனும் அமைதியுற்றிருத்தல் வேண்டும். ஊரடங்கில் நாட்கூலி இழந்தோர் பலர், கடனுற்றோர் பலர். பெற்றோரின் முகமே குழந்தை படிக்கும் முதற்சுவடி. அம்முகத்தில் எழுதியுள்ள கவலையை அது பிழையறப் படித்துவிடும். ஆகவே, பெற்றோரின் சுமையைச் சுற்றத்தாரும் அண்டை அயலாரும் பகிர்ந்துகொள்ளுதல், குழந்தைக்குச் செய்யும் உதவியுமாகும். சில இல்லங்களில் வறுமையும் குடிப்பழக்கமும் வன்முறையாக மாறுதல் உண்டு. அங்கு அடைபட்ட குழந்தைக்கு வீடே சிறையாகும். அத்தகைய குழந்தை தயங்காது உதவி கோருதற்கென 1098 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் உள்ளது. துன்புறுத்தப்படுவதைச் சொல்லுதல் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தலன்று. தன்னையும் தன் உடன்பிறந்தாரையும் காத்தலே ஆகும்.

வளர்ந்த மாணவர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தந்தை வேலை தேடிச் செல்ல, தாய் அடுக்களையில் உழல, தம்பி தங்கையர் நாடுவது அண்ணனையும் அக்காளையுமே. கைப்பேசியை அவர்கள் கையில் கொடுத்து ஒதுங்குதல் எளிது. அரைமணி நேரம் உடனிருந்து ஆடுதலும் ஒரு பாடம் சொல்லித்தருதலும் அரிது. அரிய அச்செயலே அன்பின் அடையாளம். தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கப்பெற்ற 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தில், தன்னார்வலர் பலர் தம் தெருக் குழந்தைகளை மாலையில் ஒன்றுகூட்டிக் கற்பித்தனர். அங்குக் குழந்தைகள் எழுத்தோடு தோழமையையும் மீளப்பெற்றனர்.

கொள்ளைநோய்க் காலம் கடந்துவிட்டது. எனினும் வெள்ளமும் புயலும் நோயும் குடும்பங்களை இனியும் வீட்டிற்குள் நிறுத்தக்கூடும். அந்நாட்களில் அரிசியும் விளக்கும் மருந்தும் சேமித்து வைப்போர், குழந்தைக்கெனச் சிறிது பொழுதையும் ஓர் இன்சொல்லையும் ஒதுக்கி வைப்பாராக. அவ்விரண்டும் உள்ள இல்லத்தில் கதவு அடைபட்டாலும் குழந்தையின் உள்ளம் அடைபடாது.