கணக்கில் ஏறாத ஓடை

இராசிபுரம்

சிரஞ்சீவி பேரனுக்கு,

பெங்களூர் உத்தியோகத்தை விட்டுவிட்டுச் சேலத்திலேயே சொந்தத் தொழில் தொடங்கப் போவதாகவும், சேகோ என்னும் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மின்சாரச் செலவையும் ஆள்கூலியையும் குறைத்துக் கொடுக்கும் யந்திரக் கருவிகளைச் செய்யப் போவதாகவும் நீ எழுதியிருந்த கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உன் பாட்டி ஒரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டு, பையன் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கிப் போய்விட்டான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். எனக்கும் சந்தோஷந்தான், ஆனால் உன் திட்டத்தில் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது.

அதைச் சொல்லுமுன் வேறொன்று: புதுமை என்பது நம் சீமைக்கு வெளியிலிருந்து இறக்குமதியாக வேண்டிய சரக்கு என்று எண்ணிவிடாதே. இரண்டாவது உலக யுத்தத்தில் கப்பல் போக்குவரத்துத் தடைப்பட்டு, மலாயா பக்கத்திலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனபோது, 1943-ஆம் ஆண்டு வாக்கில், நம் சேலத்து மனிதர்கள் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்துப் பாலெடுத்து, தெளியவைத்து, அடியில் படிந்த மாவைத் துணியிலிட்டுக் குலுக்கி மணியாக்கி, சட்டியில் வறுத்து, வெயிலில் உலர்த்தி ஒரு புதிய கைத்தொழிலையே சிருஷ்டித்தார்கள். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் உபவாசம் இருப்பவர்களின் இலையில் இன்றைக்கும் விழுவது பெரும்பாலும் நம் மண்ணில் விளைந்த கிழங்குதான். வியாபாரிகளின் பிடியில் விலை சிக்காதிருக்க 1981-இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் உண்டாயிற்று. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இவ்வளவு பெருமையையும் சொன்ன வாயால் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆலைகளில் ஒன்றில் நான் பல வருஷம் கணக்கெழுதினேன் என்பது உனக்குத் தெரியும். கிழங்கு வந்த எடை, விறகுச் செலவு, மின்சாரக் கட்டணம், பாலெடுத்தபின் மிஞ்சிய திப்பியை விற்ற வரவு என்று ஒரு காசு பிசகாமல் எழுதிய என் பேரேட்டில், கிழங்கு கழுவிய தண்ணீரும் மாவு தெளிந்தபின் திறந்துவிட்ட புளித்த தண்ணீரும் பின்பக்கத்து ஓடையில் போனதற்கு ஒரு பத்தி கிடையாது. ஓடைக்கு அப்பால் இருந்த கிணறு நாற்றமெடுத்து, அந்தக் காட்டுக்காரர் இறைப்பதை நிறுத்திக்கொண்டபோதுகூட, அது அவருடைய நஷ்டமே தவிர ஆலையின் நஷ்டமாக என் கணக்கில் ஏறவில்லை. ஏறவேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை என்பதை இந்த வயதில் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

பிற்பாடு வந்த விஞ்ஞானிகள் அதே புளித்த தண்ணீரைக் காற்றுப் படாமல் மூடித் தேக்கிவைத்தால், அதில் கரைந்துகிடக்கும் மாவுச்சத்தைக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் தின்று மீதேன் வாயுவாக்குகின்றன என்றும், அந்த வாயுவைக் கொண்டே அடுப்பெரிக்கலாம், மின்சாரமும் எடுக்கலாம் என்றும் காட்டினார்கள். பல ஆலைகள் அப்படிச் செய்தும் வருகின்றன. நாமக்கல் கோழி எருவிலும் இதே வித்தை பலிக்கிறது. எது கழிவு என்று ஓடையில் போயிற்றோ அதிலேயே விறகுச் செலவின் ஒரு பங்கு அடங்கியிருந்தது என்றால், அத்தனை வருஷம் நான் எழுதியது சரியான கணக்குத்தானா?

ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரிகளையும் பார். பாரத தேசம் முழுதும் போய்க் கரும்பாறையைத் துளைக்கும் அந்தச் சாமர்த்தியத்தை மெச்சாதவன் யார்? ஆனால் பாறை வெடிப்பில் நின்ற நீரை ஆயிரம் அடிக்குக் கீழே சென்று எடுக்க வழி கண்டவர்கள், அது மறுபடி எப்படி நிரம்பும் என்பதைத் தங்கள் தொழிலின் பகுதியாக நினைக்கவில்லை. மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்க அரசாங்கம் 2003-இல் சட்டம் போட வேண்டியிருந்தது.

நகரமும் அப்படித்தான். ஒரு காலத்தில் சேலத்துக்குக் குடிநீர் தந்தது பனமரத்துப்பட்டி ஏரி. 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையிலிருந்து குழாயில் காவேரி வர ஆரம்பித்ததும் ஊர் அதை மறந்தது. ஏரிக்குள் சீமைக்கருவேலம் குடியேறியது. சேர்வராயன் மலையில் பிறந்து நகரத்துக்குள் நுழையும் திருமணிமுத்தாறு, சாக்கடையையும் சாயத்தையும் சுமந்துகொண்டு நம் நாமக்கல் ஜில்லா வழியாகக் காவேரிக்குப் போகிறது. ஆனால் கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010-இல் ஊர்க்காரர்களே கூடித் தூர்வாரி, நடுவில் மண்திட்டுகள் எழுப்பி மரம் வைத்தார்கள். அங்கே பறவைகள் வருகின்றன. அதற்கு மேதாவிலாசம் எதுவும் தேவைப்படவில்லை, மண்வெட்டியும் பிடிவாதமுமே போதுமாயிருந்தன.

ஆகவே, கண்ணு, உன் கருவி மின்சாரத்தை எவ்வளவு மிச்சப்படுத்தும் என்று பாங்கிக்காரரிடம் காட்டுவதற்கு முன்னால், எவ்வளவு தண்ணீர் உள்ளே போயிற்று, எப்படிப்பட்ட தண்ணீர் வெளியே வந்தது என்பதையும் அது அளந்து சொல்லுமா என்று யோசி. அளந்து சொல்லும் என்றால் ஆலைக்காரர்களில் சிலர் உன்னை வாசலில் நிறுத்தியே பேசி அனுப்புவார்கள். முதல் வருஷம் கஷ்டப்படுவாய். அந்தக் கஷ்டத்துக்கு என் பென்ஷனில் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

ஆடிப் பதினெட்டுக்கு வருவாய் அல்லவா? சேலத்தில் இறங்கியதும் கோட்டைப் பக்கம் போய் திருமணிமுத்தாற்றுப் பாலத்தின்மேல் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு வா. சுற்றுவழியானாலும் ஆட்டையாம்பட்டி மார்க்கமாகவே வரவும். பாட்டி அவ்வூர் முறுக்குக் கேட்கிறாள்.

இப்படிக்கு,
உன் தாத்தா