‘திசு வளர்ப்பு அத்தி’ என்று விற்றார், தழைத்தது நாட்டு அத்தி: வழக்குப் போட முடியுமா?

கேள்வி: வக்கீல் ஐயா, எங்களுக்கு 2 ஏக்கர் நிலம். நானும் என் வீட்டுக்காரரும்தான் பாடுபடுகிறோம். சென்ற ஆண்டு ஆடி மாதம், ஒரு நாற்றங்கால்காரர் வாட்ஸ்அப்பில், “பூனா அத்தி, திசு வளர்ப்பு, கேரண்டி, செடி 45 ரூபாய்” என்று படத்தோடு அனுப்பினார். மற்ற இடங்களில் சொன்ன விலையை விடக் குறைவு என்பதால் 320 செடி வாங்கி, 15 அடி, 16 அடி இடைவெளியில் நட்டோம். 14 மாதம் ஆகிறது. 110 செடியில் இலை முழுசாக, வழுவழுப்பாக இருக்கிறது. ஊர்ப் பெரியவர் பார்த்துவிட்டு, “இது ஆத்தோரம் நிக்கிற நாட்டு அத்தியாச்சே தாயி” என்றார். கூர்ந்து பார்த்தால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் காய்ந்துபோன குச்சி நிற்கிறது. அதற்குக் கீழிருந்துதான் கிளை வந்திருக்கிறது. மற்ற 210 செடியில் இலை விரல் விரலாகப் பிரிந்திருக்கிறது. விற்றவரிடம் கேட்டால், “ஒட்டுக்குக் கீழ வர்ற துளிரைக் கிள்ளாதது உங்க தப்பு. 45 ரூபாய்க்கு இதுக்கு மேல என்ன எதிர்பார்க்கிறீங்க? நானே வெளி மாநிலத்துல இருந்து வாங்கி விக்கிறவன்” என்கிறார். பில் தரவில்லை. ஃபோன் வழியாகப் பணம் அனுப்பிய பதிவு மட்டும் இருக்கிறது. நட்டஈடு கேட்கலாமா? செத்த இடத்தை நிரப்ப எந்த மாதிரிச் செடி வாங்குவது? பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தன் மரத்துக் குச்சியைத் தருகிறேன் என்கிறார். அதை நடுவது சட்டப்படி சரியா?
— வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் அனுப்பிய படங்களில் அந்தக் காய்ந்த குச்சியைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது. தயவுசெய்து அதை ஒடித்துவிடாதீர்கள்.

பூனா ரகம் அடங்கிய சீமை அத்தியைப் பல வழிகளில் பெருக்குகிறார்கள். முதிர்ந்த குச்சியை வெட்டி நட்டு வேர்விட வைப்பது மிகப் பழைய வழி, செலவும் குறைவு. கிளையில் பட்டையை வளையமாகச் சீவி, ஈரப் பாசி வைத்துக் கட்டி வேரிறக்குவது காற்றுப் பதியம். ஆய்வுக்கூடத்தில் குப்பிக்குள் வளர்த்து வெளியே பழக்குவது திசு வளர்ப்பு. வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கும் என்று நாட்டு அத்தி வேரில் சீமை அத்தியை ஒட்டுவதும் உண்டு. இந்தக் கடைசி வழியில் மட்டும்தான் ஒரே செடிக்குள் இரண்டு மரங்கள். மேலே ஒட்டிய குச்சி செத்தால் கீழே இருக்கும் நாட்டு அத்தி தழைத்துக்கொள்ளும். உங்கள் 110 செடியிலும் நடந்தது இதுதான் என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தன் வேரில் நிற்கும் திசு வளர்ப்புச் செடியில் ஒட்டுத் தழும்பு இருக்க வழியில்லை.

ஆக, “ஒட்டுக்குக் கீழ வர்ற துளிரைக் கிள்ளவில்லை” என்று சொன்னபோதே, தான் விற்றது ஒட்டுச்செடி என்பதை அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். அதை அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாலோ குரல்பதிவாக அனுப்பியிருந்தாலோ பத்திரமாக வையுங்கள்.

உங்கள் வழக்கின் உயிர்நாடி இந்த இடம்தான். செடியை எப்படிப் பெருக்கினார்கள் என்ற விவரத்தைப் பலரும் விலையை ஏற்றவோ இறக்கவோ சொல்லும் பேச்சாக நினைக்கிறார்கள். அந்த விவரம் செடியை வளர்க்கும் முறையையே தீர்மானிக்கிறது. ஒட்டுச்செடி என்று சொல்லி விற்றிருந்தால், ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை வாரம் ஒருமுறை கிள்ளியிருப்பீர்கள். திசு வளர்ப்பு என்று சொன்னதால், அடியில் வந்த துளிரைக் கண்டு செடி நன்றாகப் பக்கக் கிளை விடுகிறது என்று மகிழ்ந்திருப்பீர்கள். அவர் சொன்ன பொய்யால் நீங்கள் செய்யாமல் விட்ட வேலையை, உங்கள் தவறு என்று அவரே சொல்ல முடியாது. இதை விற்றவருக்கு அனுப்பும் வக்கீல் நோட்டீசில் இதே வரிசையில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து விலை. 45 ரூபாய் என்பது அவருக்குக் கேடயம் ஆகாது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 15ஆம் பிரிவின்படி, ஒரு பொருளை விவரம் சொல்லி விற்றால், பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்தியே ஆக வேண்டும். மலிவாக விற்றால் பொருந்தாமல் இருக்கலாம் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. “நான் உற்பத்தி செய்யவில்லை, வாங்கி விற்கிறேன்” என்ற பதிலுக்கும் சட்டம் இடம் வைக்கவில்லை. பொருளின் தகுதி பற்றிய 16ஆம் பிரிவு, விற்பவர் தானே உற்பத்தி செய்தாலும் செய்யாவிட்டாலும் பொறுப்பு உண்டு என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

பில் இல்லையே என்று கலங்க வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விற்ற பொருளுக்கு ரசீது தராததையே நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். “செடிக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால் பில் போடுவதில்லை” என்று சில நாற்றங்கால்களில் சொல்வார்கள். செடிக்கு வரிவிலக்கு இருப்பது உண்மை. ரசீது தருவதற்கு அது தடையே இல்லை. உங்களுக்கு விளம்பரச் செய்தி, விலை பேசிய உரையாடல், பணம் போன பதிவு மூன்றும் இருப்பதால் விற்பனையை நிரூபித்துவிடலாம். அந்த ஃபோனை மட்டும் விற்கவோ மாற்றவோ வேண்டாம். மின்னணுப் பதிவைச் சான்றாக வைக்கும்போது, 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியம் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டிவரும். அசல் கருவி கையில் இருந்தால் அது எளிது.

“விவசாயி விற்பனைக்காகத்தானே பயிர் செய்கிறார், அவர் எப்படி நுகர்வோர்?” என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கேட்கும். தானே உழைத்துப் பிழைக்க வாங்கும் பொருளை வணிக நோக்கம் என்று கொள்ளக் கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கும் விளக்கம். நேஷனல் சீட்ஸ் கார்ப்பரேஷன் தொடர்ந்த மதுசூதன் ரெட்டி வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. விளைச்சலை விதை நிறுவனத்துக்கே திருப்பி விற்கும் ஒப்பந்தத்தில் பயிரிட்ட விவசாயிகளும் நுகர்வோரே என்றது. விதைச் சட்டம் இருக்கும்போது நுகர்வோர் மன்றத்துக்கு வரக் கூடாது என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. விதைச் சட்டத்தில் தண்டனை உண்டே தவிர, நஷ்டப்பட்ட விவசாயிக்கு ஈடு வாங்கித் தர வழியில்லை என்பது முக்கியக் காரணம். விதையை எல்லாம் விதைத்துவிட்ட விவசாயி, சோதனைக்கு மாதிரி எடுத்து வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. உங்களுக்கு அந்தக் கவலையும் இல்லை. சாட்சி 110 இடங்களில் வேரூன்றி நிற்கிறது.

அதனால் முதல் வேலை, தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் மனுக் கொடுத்து, வயலாய்வு அறிக்கை கேளுங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வு நாளில் ஒரு செடியை வேரோடு தோண்டி, தொட்டித் தண்ணீரில் மண் போகக் கழுவி, ஒட்டுத் தழும்பு தெரியப் படம் எடுக்கச் சொல்லுங்கள். விற்றவருக்கும் ஆய்வு நாளைப் பதிவுத் தபாலில் தெரிவித்துவிடுங்கள். அவர் வராவிட்டால், பிறகு “எனக்குத் தெரியாமல் செய்தார்கள்” என்று சொல்வது எடுபடாது. மற்ற செடிகளை இப்போதே பிடுங்க வேண்டாம். பத்து, பதினைந்து செடியாவது வழக்கு முடியும்வரை நிற்கட்டும்.

ஒரு விஷயத்தில் உங்களை எச்சரிக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் போடும் மனுவில் “காய்க்கவில்லை” என்று எழுதாதீர்கள். 14 மாதச் சீமை அத்தி நிறையக் காய்க்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். திசு வளர்ப்புச் செடி, குச்சி நாற்றை விடத் தாமதமாகக் காய்க்கக்கூடும் என்பதைத் தோட்டக்காரர்கள் அறிவார்கள். அப்படி எழுதினால் அவர் பக்கம் ஒரு நிபுணர் வந்து, “இன்னும் காலம் இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போவார். உங்கள் குறை, சொன்ன செடியைத் தரவில்லை என்பதுதான். இதற்குக் காய்ப்புவரை காத்திருக்கத் தேவையில்லை.

மீதி 210 செடி விஷயத்தில் நான் நிதானமாகத்தான் சொல்வேன். அவை ஒட்டுச்செடியாகவோ குச்சி நாற்றாகவோ இருந்து, ரகம் பூனாதான் என்றால், ‘திசு வளர்ப்பு’ என்ற சொல் பொய்யானாலும் உங்களுக்கு நேர்ந்த நஷ்டம் சொற்பம். தோட்டக்காரர் கண்ணில் நல்ல குச்சி நாற்று குறைந்த செடியே அல்ல. அவை விதை நாற்றாக இருந்தால் கதை வேறு. விதையில் வந்த அத்தி தாயைப் போல இருக்காது. காய்ப்புக்குப் பல ஆண்டு ஆகும். அவற்றில் ஒரு பங்கு, தின்ன முடியாத ஆண் மரமாகப் போய்விடும். சில வகைகளுக்கு அத்திக்குள் நுழையும் ஒரு சிறு குளவி வந்து மகரந்தம் சேர்த்தால்தான் பழமே நிற்கும். பூனா ரகத்துக்கு அந்தக் குளவி தேவையில்லை, அதனால்தான் நம் நாட்டில் அது நிலைத்தது. ஆகவே அந்த 210இல் சிலவற்றையும் அதே ஆய்வில் பார்க்கச் சொல்லுங்கள். குச்சியிலிருந்து வந்த செடியில், நட்ட தடித்த குச்சியின் அடியிலிருந்து பல வேர்கள் பிரியும். விதைச் செடியில் ஒற்றை ஆணிவேர் இறங்கும். கண்ணால் தீராத சந்தேகம் என்றால், மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்திடமே கேட்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 38ஆம் பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டிவரும்.

மனுவைத் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே போடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்தில் தொடர 2019ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. உங்கள் விலை 14,400 ரூபாய்தான். காலவரம்பு 2 ஆண்டு. தவறு தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதிட முடியும் என்றாலும், வாங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். அப்படியானால் கையில் இருப்பது 10 மாதம். 15 நாள் கெடு வைத்து இந்த வாரமே நோட்டீஸ் அனுப்புங்கள்.

தொகையைக் கேட்பதில் கை அளந்து கேளுங்கள். 110 செடியின் விலை, அந்தக் குழிகளுக்கான வெட்டுக்கூலி, எரு, சொட்டுநீர்க் குழாயில் அந்தப் பங்கு, மறுபடி நட ஆகும் செலவு, ஓர் ஆண்டு வீணான நிலம், மன உளைச்சல், வழக்குச் செலவு. இவற்றைக் கணக்கோடு கேட்டால் கிடைக்கும். இருபது வருடப் பழ வருமானத்தை லட்சக்கணக்கில் எழுதினால், மொத்த மனுவின் மீதும் நம்பிக்கை குறையும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவு, நஷ்டத்தைக் குறைக்க உங்களால் என்ன முடிந்தது என்றும் பார்க்கும். அறிக்கை கைக்கு வந்ததும், சாட்சிக்கு விட்ட செடிகள் போக மற்ற இடங்களில் மறுநடவு செய்துவிடுங்கள்.

இனி, எந்தச் செடி வாங்குவது? கையில் காசு குறைவாக இருக்கிறவர்களுக்கு, கண்ணால் பார்த்த, காய்க்கிற தாய்மரத்துக் குச்சி நாற்றைத்தான் நான் சொல்வேன். குச்சி தாயின் குணத்தை அப்படியே கொண்டுவரும், நோயையும் கொண்டுவரும். தாய்மரத்து இலையில் மஞ்சள் தேமல் தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். அத்தித் தேமல் நச்சுயிரி குச்சி வழியாகப் பரவும். திசு வளர்ப்புதான் வேண்டும் என்றால், செடி எந்த ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தது என்று எழுத்தில் கேளுங்கள். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006 முதல் திசு வளர்ப்புச் செடிகளுக்கு ஒரு தேசியச் சான்றளிப்பு முறையை நடத்துகிறது. அதில் அங்கீகாரம் பெற்ற கூடமா என்று கேட்டால், நேர்மையானவர் காகிதத்தை எடுத்து நீட்டுவார். மற்றவர் பேச்சை மாற்றுவார்.

எங்கே வாங்கினாலும் ரசீதில் இப்படி எழுதி வாங்குங்கள்: “சீமை அத்தி, பூனா ரகம், குச்சி நாற்று, ஒட்டு அல்ல, விதை நாற்று அல்ல, வயது 6 மாதம், 110 எண்ணம்.” வெறுமனே ‘அத்தி’ என்று எழுதினால் போதாது. தமிழில் நாட்டு அத்தியும் அத்திதான் என்று சொல்லி நழுவிவிடுவார்கள்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தரும் குச்சியைத் தாராளமாக நடலாம். பூனா காலங்காலமாகப் பயிராகும் ரகம். பதிவு பெற்ற புது ரகமாகவே இருந்தாலும், 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 39ஆம் பிரிவு, சேமிக்க, நட, பரிமாற, பகிர, விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பதிவு பெற்ற ரகத்தின் பெயர் அச்சிட்ட லேபிள் ஒட்டி, பொட்டலமாக விற்பதற்கு மட்டும்தான் தடை. அவர் அடுத்து கவாத்து செய்யும் நாளைக் கேட்டு வையுங்கள். வெட்டி எறியும் குச்சியிலேயே உங்களுக்கு வேண்டிய 110ம் கிடைத்துவிடும்.